கார்டு செத்துப் போச்சாம்... யார் சொன்னது?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கலை மக்களே. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ரிலீஸ், ரிங் ரோடு டிராபிக், வீட்டுல தண்ணி லாரிக்குக் காத்திருக்கிறதுன்னு பொழப்பு ஓடுது. ஆனா போன வாரம் நடந்த ஒரு விஷயம் வயித்தெரிச்சலைக் கிளப்பிடுச்சு. எழுதித் தீர்க்காட்டி தூக்கம் வராது. பதிவு கொஞ்சம் நீளம். காபியைப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் படிங்க.

சனிக்கிழமை காலைல கோவில்பட்டில இருந்து அத்தான் போன் பண்ணாரு.

"மாப்ளே, பாப்பாவோட கம்ப்யூட்டர் செத்துப்போச்சாம்லா. அதுல இருக்க கார்டு காலியாம். கடைக்காரன் புது செட்டே எடுக்கச் சொல்லுதானாம், அறுபத்தஞ்சாயிரமாம். உங்க அக்கா சங்கிலியை வச்சிருவமான்னு கேக்கா. நீ என்ன சொல்லுதே?"

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அக்கா பொண்ணு இங்க பெங்களூர்லதான் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கா. பிஜில தங்கியிருக்கா. பிளெண்டர்ல 3டி பொம்மை செஞ்சு காலேஜ்ல சமர்ப்பிக்கணும். அந்தக் கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்தவனே நான்தான். ஏதோ ஒரு கம்பெனி கழிச்சுக்கட்டின ஜியான் வொர்க்ஸ்டேஷன், கூட செகண்ட் ஹேண்டுல ஒரு 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோட விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடிச்சுக்கிட்டாங்க. அந்தப் பொட்டி விண்டோஸ் 11க்குத் தகுதி இல்லைன்னுட்டாங்க. சரின்னு நானே உக்காந்து லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். "இனிமே ராக்கெட் மாதிரி ஓடும் பாப்பா"ன்னு பீலா வேற விட்டிருந்தேன்.

ராக்கெட் ஓடலை, மாட்டுவண்டிதான் ஓடிருக்கு. மாமாவைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு புள்ள யாருட்டயோ விசாரிச்சு, ஆட்டோல தூக்கிட்டு எஸ்.பி. ரோடு போயிருக்கா. அங்க ஒரு கடையில (பேர் வேண்டாம், விடுங்க) அஞ்சு நிமிஷம் பாத்துட்டுத் தீர்ப்பு சொல்லிட்டாங்க. "லினக்ஸ்ல கார்டு எல்லாம் ஓடாதும்மா. கார்டும் டெட். புதுசா ஒண்ணு அசெம்பிள் பண்ணிக்கோ." அந்தத் தீர்ப்புக்கு 300 ரூபா செக்கிங் சார்ஜ் தனி.

அத்தான்கிட்ட "சங்கிலி பீரோலயே இருக்கட்டும், நாளைக்குச் சொல்லுதேன்"னேன். ஞாயித்துக்கிழமை பொட்டி எங்க வீட்டு ஹாலுக்கு வந்துச்சு.

ஒரே ஒரு கட்டளைதான் அடிச்சேன். ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ. திரையில படம் வரையற வேலையை யார் பாக்குறாங்கன்னு அது சொல்லும். ரெண்டரர்ங்கிற வரியில கார்டோட பேரு இருக்கணும். இருந்தது 'எல்எல்விஎம்பைப்'. அப்படின்னா கார்டு சும்மா உக்காந்திருக்கு, புராசஸரே ஒவ்வொரு புள்ளியா படம் வரைஞ்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். பந்தியில பரிமாற எட்டுப் பேரை அமர்த்திட்டு, அத்தனை பேரையும் வாசல்லயே நிறுத்திவச்சு, கல்யாண மாப்பிள்ளையையே இலை போடச் சொன்ன கதை.

கார்டு ஏன் வேலை பாக்கலை? எல்எஸ்பிசிஐ கட்டளையை 'கே' சேர்த்து அடிச்சா, எந்தக் கார்டுக்கு எந்த டிரைவர் ஓடுதுன்னு காட்டும். கார்டு பேரு ஜம்முன்னு வந்துச்சு. செத்த கார்டு எப்படிய்யா பேரு சொல்லும்? ஆனா 'பயன்பாட்டில் உள்ள டிரைவர்'ங்கிற வரியே கீழ இல்ல. கர்னல் பதிவைப் பாத்தா, "இந்த மாட்யூலோட சாவி செல்லாது, ஏத்த மாட்டேன்"ங்கிற அர்த்தத்துல ஒரு வரி.

அப்பத்தான் மண்டையில உறைச்சது. தப்பு யாரோடது தெரியுமா? என்னோடது! செக்யூர் பூட் இயங்குற கம்ப்யூட்டர்ல, கையெழுத்து இல்லாத மாட்யூலைக் கர்னல் உள்ள விடாது. சில டிஸ்ட்ரோக்கள் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுத் தரும். இல்லைன்னா, மூடின டிரைவரை நிறுவும்போதே ஒரு கடவுச்சொல் கேக்கும். அடுத்த தடவை பூட் ஆகும்போது நீலக்கலர்ல ஒரு திரை வந்து பத்து எண்ணும். அதுக்குள்ள ஒரு விசையைத் தட்டி, உள்ள போயி, கடவுச்சொல்லைக் கொடுத்துச் சாவியைச் சேக்கணும். அந்தப் பத்து விநாடியில நான் பால் பொங்கிருச்சான்னு பாக்க அடுப்படிக்குப் போயிருந்தேன்.

மோக்யூட்டில் வச்சுச் சாவியைத் திரும்ப இறக்குமதி பண்ணி, பூட் பண்ணி, நீலத்திரையில உறுதி பண்ணேன். மொத்தம் இருபது நிமிஷம். ஒரு அறைக் காட்சியை ரெண்டர் பண்ண முக்கால் மணிநேரம் எடுத்துக்கிட்ட பொட்டி, அதே காட்சியை ஆறு நிமிஷத்துல முடிச்சுது. புள்ள திரையையே பாத்துட்டு இருந்தா. அப்புறம் மெதுவா, "மாமா, அப்ப அம்மா சங்கிலி...?"ன்னா.

இதுக்கு மேல எனக்குப் பேச்சு வரலை. அந்தக் கோவத்துலதான் இந்தப் பதிவு.

முதல்ல, உங்க வீட்டுப் பொட்டிக்கு

யாராவது "கார்டு செத்துப்போச்சு"ன்னு சொன்னா, பணத்தை எடுக்குறதுக்கு முன்னால இதையெல்லாம் பாருங்க.

1. மானிட்டர் கேபிள் எங்க சொருகியிருக்கு? கார்டுலயா, மதர்போர்டுலயா? சிரிக்காதீங்க. தூசி தட்டிட்டுத் திரும்ப மாட்டும்போது நிறைய பேர் மதர்போர்டு துளையில சொருகிடறாங்க. அப்புறம் கார்டு அலங்காரப் பொருள்தான்.

2. ரெண்டரர் யாரு? எல்எல்விஎம்பைப்னு வந்தா டிரைவர் ஏறலை. கார்டைத் திட்டாதீங்க.

3. கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு படுத்துக்கிச்சா? கர்னலுக்கு வெளியில இருந்து வர்ற டிரைவரை ஒவ்வொரு புதுக் கர்னலுக்கும் திரும்பக் கட்டணும். அந்த வேலையை டிகேஎம்எஸ் பாக்குது. கர்னல் ஹெட்டர் தொகுப்பு இல்லைன்னா அது கட்டாது. பழைய கர்னல்ல பூட் பண்ணிப் பாருங்க. அதுல நல்லா ஓடினா விஷயம் இதுதான்.

4. செக்யூர் பூட். மேலே என் வண்டவாளத்தைப் படிச்சீங்களே, அது.

5. சூடு. ரெண்டு வருஷம் பெங்களூர் மெட்ரோ வேலை நடந்த தெருவுல இருந்த பொட்டியைத் திறந்து பாருங்க, உள்ள ஒரு செங்கல் சூளையே இருக்கும். கார்டு சூடானா தானே வேகத்தைக் குறைச்சுக்கும். முதல் அஞ்சு நிமிஷம் நல்லா ஓடிட்டு அப்புறம் திணறினா தூசியைத் தட்டுங்க, பழைய தெர்மல் பேஸ்டை மாத்துங்க.

6. எந்த ஸ்லாட்? பாக்க நீளமா இருக்குற எல்லா ஸ்லாட்டும் 16 லேன் கிடையாது. சிலதுல 4 லேன்தான் இருக்கும். எல்எஸ்பிசிஐ விவரமா அடிச்சா இணைப்போட அகலம் தெரியும். வேகம் மட்டும் குறைச்சலா காட்டினா பயப்படாதீங்க, சும்மா இருக்கும்போது கார்டு அதைக் குறைச்சு வைக்கும். அகலத்தைப் பாருங்க.

7. தனிக் கார்டு இல்லாம புராசஸரோட வர்ற கிராபிக்ஸா? அது சாதா ரேமைத்தான் கடன் வாங்குது. ஒத்தை ரேம் போட்டிருந்தா பாதை பாதியாயிடும். அதே அளவுல இன்னொண்ணைச் சேருங்க.

8. லேப்டாப்புல ரெண்டு கிராபிக்ஸ் இருந்தா, கரண்டை மிச்சம் பிடிக்க எல்லா வேலையும் சின்னதுலதான் ஓடும். பெரிய கார்டுல ஓடணும்னு நீங்கதான் சொல்லணும்.

இந்த எட்டுக்கும் ஒரு பைசா செலவு கிடையாது, ரேமும் பேஸ்டும் தவிர. இந்த எட்டையும் பாக்காம "டெட்"னு சொல்றவரு டாக்டர் இல்ல. நாடி பிடிக்காமலே பாடை கட்டுறவரு.

சரி, ஏன் இந்தக் கர்மம் எல்லாம்?

இங்கதான் நம்ம ஆளுங்க கிளம்பி வருவாங்க. "பாத்தியா, விண்டோஸ்ல இந்தத் தலைவலி இருக்கா? இதுக்குத்தான் லினக்ஸ் வேண்டாம்ங்கிறது." இதைச் சொல்றவரு யாருன்னு நினைக்கிறீங்க? காலைல இருந்து ராத்திரி வரைக்கும் ஆபீஸ்ல லினக்ஸ் சர்வர்ல குப்பை கொட்டற அண்ணாச்சிதான். சம்பளத்துக்கு லினக்ஸ் இனிக்கும், வீட்டுக்கு வந்தா கசக்கும்.

அண்ணாச்சி, தலைவலி லினக்ஸோடது இல்ல. டிரைவர் யார்கிட்ட இருக்குங்கிறதுதான் பிரச்சினை.

இன்டெல், ஏஎம்டி கார்டுகளோட டிரைவர் கர்னலுக்குள்ளயே திறந்த நிரலா இருக்கு. கர்னலோட சேந்தே வருது, சேந்தே கையெழுத்தாகுது. நீலத்திரையும் கிடையாது, பால் பொங்குற கதையும் கிடையாது. இது வானத்துல இருந்து விழலை. ஏடிஐயை 2006ல ஏஎம்டி வாங்கினாங்க. 2007 செப்டம்பர்ல, கார்டோட விவர ஆவணங்களை வெளியிடுறோம், திறந்த டிரைவருக்கு உதவுறோம்னு அறிவிச்சாங்க. 2015ல ஏஎம்டிஜிபியு டிரைவர் லினக்ஸ் 4.2ல வந்துச்சு. 2012 வாக்குல வந்த ரேடியான் 7000 வரிசைக் கார்டுகளுக்கு 2025லயும் கர்னல்ல திருத்தம் வந்துச்சு. நிரல் திறந்திருந்ததால, வால்வ் நிறுவனத்துக்காக வேலை பாக்குற ஒருத்தரால அதைச் செய்ய முடிஞ்சுது.

அடுத்த பக்கம் என்விடியா. விவரம் தராததால, கார்டு என்ன பண்ணுதுன்னு வெளியில இருந்தே நோண்டிப் பாத்து எழுதினதுதான் நூவோ டிரைவர். 2010ல கர்னல் 2.6.33ல சேந்துச்சு. பாவம், எத்தனை பேரோட ராத்தூக்கம் அது! ஆனா 2014ல வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசையில இருந்து, கம்பெனி கையெழுத்துப் போட்ட ஃபர்ம்வேர் இருந்தாத்தான் கார்டோட வேகத்தைக் கூட்ட முடியும்னு ஆக்கிட்டாங்க. அதனால 900, 1000 வரிசைக் கார்டுகள் நூவோவுல ஓடினா, பூட் ஆகும்போது இருக்குற அடிமட்ட வேகத்துலயே நிக்கும். அஞ்சு கியர் உள்ள வண்டியை முதல் கியர்ல பூட்டி ஓட்டுற மாதிரி. வண்டி உங்களோடது, காசு கொடுத்து வாங்கியிருக்கீங்க, கியர் பெட்டிச் சாவி மட்டும் ஷோரூம்ல.

2012ல பின்லாந்துல, ஆல்ட்டோ பல்கலைக்கழகத்துல நடந்த கேள்வி பதில்ல இதே கம்பெனியைப் பத்திக் கேட்டப்போ லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பாத்து நடுவிரலைக் காட்டினாரு. நாகரிகம் இல்லைதான். ஆனா கோவம் நியாயம்.

நியாயமாப் பேசணும்னா அதுக்கப்புறம் மாற்றம் வந்திருக்கு. 2022 மே மாசம் என்விடியா கர்னல் மாட்யூல்களைத் திறந்த நிரலா வெளியிட்டாங்க. 2018ல வந்த டூரிங் தலைமுறைக்கும் அதுக்குப் பிந்தினதுக்கும் மட்டும். மேல் பக்கத்து நிரலும் ஃபர்ம்வேரும் மூடித்தான் இருக்கு. 2024 ஜனவரில வந்த லினக்ஸ் 6.7ல, அந்தப் புதுக் கார்டுகளோட வேகத்தைக் கூட்ட நூவோவுக்கும் வழி கிடைச்சுது. 2022ல ஆரம்பிச்ச என்விகே வல்கன் டிரைவர் நல்லாவே வளந்துக்கிட்டு இருக்கு. பாராட்டுவோம்.

ஆனா அதுக்கு முன்னால வாங்கினவன்? 2016ல வந்த ஜிடிஎக்ஸ் 1000 வரிசைக்கு 580 டிரைவர் வரிசைதான் கடைசின்னு 2025ல சொல்லிட்டாங்க. புதுக் கர்னலுக்கு ஏத்தபடி அந்தப் பழைய டிரைவரைக் கட்டுறது நின்னுபோற அன்னிக்கு, மூடின டிரைவரும் இல்ல, திறந்த டிரைவர்ல வேகமும் இல்ல. சிலிக்கான்ல ஒரு கீறல் கிடையாது, மின்விசிறி சுத்துது, ஆனாலும் கார்டு பிணம். சாகலை மக்களே, சாகடிக்கிறாங்க. எஸ்.பி. ரோட்லயும் ரிச்சி தெருவுலயும் செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்குற பிள்ளைகள் தலையிலதான் இது விடியும்.

ஏஎம்டியும் உத்தமபுத்திரன் கிடையாது. அவங்க ஃபர்ம்வேரும் மூடினதுதான். அப்புறம் 2024ல, திறந்த டிரைவர்ல எச்டிஎம்ஐ 2.1 சேக்க ஏஎம்டி அனுமதி கேட்டப்போ எச்டிஎம்ஐ ஃபோரம் முடியாதுன்னுட்டாங்க. ஒரு கேபிளுக்குக்கூட பூட்டு!

இதுல கொடுமை என்னன்னா

இந்த அநியாயம் எங்கேயோ கலிபோர்னியாவுல நடக்கலை. ஏஎம்டியோட மிகப்பெரிய வடிவமைப்பு மையம் 2023 நவம்பர்ல திறந்தது நம்ம பெங்களூர்லதான், 5 லட்சம் சதுர அடி. என்விடியாவுக்கும் இன்டெல்லுக்கும் இங்கேயே பெரிய பொறியாளர் பட்டாளம் இருக்கு. அதுல எத்தனை பேரு வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவுல நின்னு ஊருக்கு பஸ் ஏறுறவங்க! கார்டை வடிவமைக்கிற ஊரு இது, டிரைவர் எழுதுற ஊரு இது. அதே ஊர்ல பத்து கிலோமீட்டர் தள்ளி, கோவில்பட்டிப் பொண்ணு ஒருத்திகிட்ட "கார்டு டெட்"னு சொல்லி அவங்க அம்மா சங்கிலியை அடகுக்கு அனுப்பப் பாக்குறாங்க. கேக்க நாதி இல்ல.

இதே ஊர்லதான் 2001ல 'லினக்ஸ் பெங்களூர்'னு ஒரு மாநாடு ஆரம்பிச்சு, 2005ல ஃபாஸ்.இன்னு பேரு மாறி, 2012 வரைக்கும் நடந்துச்சு. உலகம் பூரா இருந்து கர்னல் ஆளுங்க வந்து பேசினாங்க. அந்தத் தலைமுறை இப்ப மேனேஜர் ஆகி, பிள்ளைக்கு கேமிங் பிசி வாங்க இஎம்ஐ கட்டிக்கிட்டு இருக்கு.

நம்ம ஊர்க் கதை மட்டும் என்ன? 2011ல தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பிச்சப்போ, சென்னை சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் அதுல இருந்துச்சு. எங்க பக்கத்துல முக்காவாசிப் பேரு செஞ்ச முதல் வேலை, கடைக்குக் கொண்டுபோய் அதைத் துடைச்சதுதான். பக்கத்துக் கேரளாவுல அரசுப் பள்ளிக்கூடங்களுக்குத் தங்களோட லினக்ஸையே தயார் பண்ணி, அதுலதான் பாடம் நடத்துறாங்க. அங்க வாத்தியார்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. நாம பொட்டியை மட்டும் கொடுத்தோம். வித்தியாசம் அதுதான்.

எதிர்க்கேள்விக்கு வர்றேன்

"உன் ஞாயித்துக்கிழமைக்கு விலை இல்லையா? 65,000 கொடுத்தா முடிஞ்சுது." உங்களுக்கு முடியலாம் சார். அத்தானுக்கு அது ஏழெட்டு மாச மிச்சம். நம்ம சம்பளத்தை வச்சு எல்லார் வீட்டுப் பொட்டியையும் அளக்காதீங்க. நாமளும் ஒரு காலத்துல எங்கெங்கயோ கடன் வாங்கித்தான் இந்த ஊருக்கு பஸ் ஏறினோம்.

"விண்டோஸ்ல நிம்மதி." ஒத்துக்கறேன், நிறுவுறது சுலபம். ஆனா நல்லா ஓடிக்கிட்டு இருந்த பொட்டியைத் தகுதியில்லைன்னு சொல்லித் தெருவுல விட்டது யாரு? அந்த நிம்மதிக்கும் காலாவதித் தேதி இருக்கு. தேதியை எழுதறது நீங்க இல்ல.

அடுத்து நம்ம லினக்ஸ் பெருசுகள். உங்களுக்கும் ஒரு கொட்டு இருக்கு (எனக்கும் சேத்துத்தான்). புதுசா ஒருத்தி வந்து "மெதுவா இருக்கு"ன்னு சொன்னா, "மேனுவலைப் படி"ன்னு விரட்டுறது, "உன் டிஸ்ட்ரோவே தப்பு"ன்னு மத மாற்றம் பண்றது. இன்ஸ்டால் பண்ணிக் கொடுத்துட்டு "ராக்கெட்"னு சொல்லிக் கைகழுவுறது இன்னொரு வகை. அந்த நீலத்திரையைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் புள்ள எஸ்.பி. ரோடுக்கே போயிருக்க மாட்டா. கடைக்காரர் 300 ரூபா வாங்கினாரு. நான் அவ நம்பிக்கையையே வாங்கிட்டேனே.

என்னதான் பண்ணச் சொல்ற?

கார்டு வாங்கப் போறப்போ, விலையும் ஜிபியும் கேக்குற மாதிரி இதையும் கேளுங்க: "இதுக்குக் கர்னல்ல திறந்த டிரைவர் இருக்கா?" பத்து பேர் கேட்டா கடைக்காரர் விசாரிப்பாரு. நூறு பேர் கேட்டா டிஸ்ட்ரிபியூட்டர் விசாரிப்பாரு.

அந்தக் கம்பெனிகளுக்குள்ள வேலை பாக்குற நம்ம மக்களே, ஒரு கார்டுக்கு ஆதரவை நிறுத்துறீங்களா, தாராளமா நிறுத்துங்க. ஆனா நிறுத்துற அன்னிக்கே, வேகத்தைக் கூட்டுறதுக்கான ஃபர்ம்வேரை வெளியில கொடுக்கணும்னு உள்ள ஒரு மீட்டிங்லயாவது வாயைத் திறங்க. வித்த பொருளுக்கு இனி காவல் காக்க மாட்டேன்னா, சாவியை வாங்கினவன் கையில கொடுத்துட்டுப் போறதுதானே முறை?

லட்சக்கணக்குல கம்ப்யூட்டர் வாங்குற அரசாங்கங்கள், தமிழ்நாடோ கர்நாடகமோ, டெண்டர்ல ஒரே ஒரு வரி சேக்கலாம்: திறந்த டிரைவர் இல்லாத பொருள் வேண்டாம். நாம ஒருத்தரா கேட்டா காதுல விழாது, பத்து லட்சம் பொட்டிக்கான ஆர்டர் கேட்டா விழும்.

அப்பா அம்மாக்களே, உங்க பிள்ளைக ஒரு சனிக்கிழமை முழுக்கப் பொட்டியைப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருந்தா திட்டாதீங்க. "டெட்"னு ஒருத்தர் சொன்னதும் தலையாட்டாம "எப்படித் தெரியும்?"னு கேக்கப் பழகுறாங்கன்னு நினைச்சுக்கோங்க. எந்த கோச்சிங் சென்டர்லயும் இதைச் சொல்லித் தர மாட்டாங்க.

ராத்திரி அத்தானுக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம், "அப்ப அந்தக் கார்டு நல்லாத்தான் இருந்துச்சா மாப்ளே?"ன்னாரு.

"நல்லாத்தான் இருந்துச்சு அத்தான். சாவிதான் கொடுக்கலை."

பி.கு: அக்கா பொண்ணு போன புதன்கிழமை அவ பிஜில பக்கத்து ரூம் பொண்ணோட லேப்டாப்பைப் பாத்துச் சரி பண்ணிக் கொடுத்துட்டாளாம். ரெண்டு கிராபிக்ஸ் கேஸ், மேலே 8ஆம் நம்பர். செக்கிங் சார்ஜ் ஒரு மசால் தோசை. தொழில் போட்டி ஆரம்பமாயிடுச்சு மக்களே :-)